சிவப்பும் பச்சையும் சேர்ந்து தெரிந்தபோது

கச்சேரி ரோட்டில் ஆம்ப்ரோஸின் ரேடியோ கடைக்குப் புதிதாக வருகிறவர்கள், அவனைத் திமிர் பிடித்தவன் என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். டேப் ரெகார்டரைக் கொடுத்தால் தலையாட்டி வாங்கிக்கொள்கிறான். சில நாள் கழித்துப் போனால் பாடுகிற டேப் ரெகார்டராகத் திருப்பிக் கொடுக்கிறான். என்ன கோளாறு என்று கேட்டால், "சரியாயிடுச்சு, எடுத்துகினு போங்க" என்பதோடு சரி. அதே கட்டடத்தின் மாடியில் டைப் இன்ஸ்டிட்யூட் நடத்துகிற எனக்குத்தான் தெரியும், போன வருஷம் வரைக்கும் இந்த வாய் எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்று.

அவனுடையது வாத்தியார் குடும்பம். அப்பா பங்குப் பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கா மர்சலின் கான்வென்டில் கணக்கு டீச்சர். சித்தப்பா, பெரியப்பா எல்லாரும் சாக்பீஸ் பிடித்த கைகள். ஆம்ப்ரோஸ் மட்டும் காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு சால்டரிங் அயர்னைப் பிடித்தான். வேலைதான் மாறியது, ரத்தம் மாறவில்லை. எதை ரிப்பேர் செய்தாலும் அதைப் பற்றிப் பாடம் நடத்தாமல் விடமாட்டான். ஒரு தடவை என் இன்ஸ்டிட்யூட் மின்விசிறிக்குக் கண்டென்சர் மாற்ற மாடிக்கு வந்தவன், கண்டென்சர் என்றால் என்ன என்று என் மாணவிகளுக்கு வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டான். பாவம், அவர்கள் லோயர் பரீட்சைக்குக் கட்டியிருந்த பெண்கள். டைப் மிஷினில் கையை வைத்துக்கொண்டு அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஆம்ப்ரோஸ், ஃபேன் சுத்தினா போறும். அது ஏன் சுத்தறதுன்னு நேக்குத் தெரிய வேண்டாம்" என்றேன்.

"தெரிஞ்சுகினா நல்லதுதானே மேடம்" என்றான். அவனுக்குக் கோபமே வராது. எனக்குத்தான் வரும்.

வெறும் வாய்ச்சவடால் என்றும் அவனைத் தள்ளிவிட முடியாது. அவன் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஃபியூஸ் போகும் என்பான், போகும். இந்தக் கம்பெனி ஸ்டெபிலைசர் ஆறு மாதம் தாங்காது என்பான், தாங்காது. அதனால் கச்சேரி ரோட்டில் ஒரு வழக்கமே உண்டாகிவிட்டது. எதிலாவது சந்தேகம் வந்தால், ஆம்ப்ரோஸ் என்ன சொன்னான் என்று கேட்பார்கள். அவன் சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை.

அவனுக்கு ஒரு சிநேகிதன், பெயர் ஜவஹர். சின்ன வயசில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். ஜவஹர் எட்டாவதோடு நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போனான். சாந்தோம் பின்னால் இருக்கிற குப்பத்தில் வீடு. சின்னப்பையன் என்ற கூட்டாளியோடு சேர்ந்து ஒரு சின்ன ஃபைபர் படகு வைத்திருந்தான். பெயர்தான் சின்னப்பையன், ஆளுக்கு ஐம்பது வயசு. ஜவஹரின் மனைவி ஜெயலக்ஷ்மி லஸ் பக்கம் தெருத்தெருவாக மீன் விற்பாள். எங்கள் தெருவுக்கு மட்டும் வரமாட்டாள். வந்து பிரயோஜனம் இல்லை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் ஆம்ப்ரோஸ் கடை வாசலில் கூடையை இறக்கி வைத்துவிட்டு டீ குடிக்கும்போது மாடியைப் பார்த்து, "இன்னா டீச்சரம்மா, இன்னிக்கு வஞ்சிரம் ஒரு துண்டு போடட்டா?" என்று என்னைச் சீண்டாமல் போனதே இல்லை.

போன வருஷம், தொண்ணூற்றெட்டில், பொங்கல் முடிந்த கையோடு ஒரு நாள் காலையில் ஜவஹர் கடைக்கு வந்தான். பேய் அறைந்த மாதிரி இருந்தது முகம். ஸ்டூலில் உட்கார்ந்தவன் டீயைத் தொடவில்லை. பக்கத்துக் குப்பத்து அண்ணன் தம்பி இரண்டு பேர் கட்டுமரத்தில் போயிருந்தார்களாம். விடிவதற்கு முன்னால் இருட்டில் ஏதோ ஒரு பெரிய விசைப்படகு மரத்தின் மேலேயே ஏறிப் போய்விட்டது. தம்பி நீந்தி வந்துவிட்டான். அண்ணன் வரவில்லை.

"ஏத்தினவனுக்கு ஏத்தினதே தெரியாது மச்சி" என்றான் ஜவஹர். "நின்னு கூடப் பாக்கல. அவன் பாட்டுக்குப் போய்க்கினே கீறான். அந்த மரத்துல ஒரு வெளிச்சம் இருந்திருந்தா பாத்திருப்பான். எனக்கு எதனா பண்ணிக் குடு."

அன்றைக்கு ஆம்ப்ரோஸ் ஆரம்பித்ததுதான். பல்பு வேண்டாம் என்றான். அலை அடிக்கிற அடியில் உள்ளே இருக்கிற இழை அறுந்துவிடும், பாட்டரியையும் குடித்துவிடும். எல்.இ.டி. போடலாம் என்றான். டேப் ரெகார்டரில் சிவப்பாக மினுக்குமே ஒரு பொட்டு, அதுதான். அந்தப் பொட்டு அப்போது ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் நல்ல வெளிச்சமாக வர ஆரம்பித்திருந்தது. சிவப்பு சுலபமாகக் கிடைத்தது. பச்சையில் வெளிச்சமானதைத் தேடி அலைந்தான். இந்தக் கலர் ஏன் இன்னும் அரிதாக இருக்கிறது என்று எனக்கு ஒரு பாடம் நடந்தது. நான் பாதியிலேயே எழுந்து போய்விட்டேன்.

கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் சோப்பு டப்பா இரண்டு வாங்கி, ஒன்றில் சிவப்புப் பொட்டுகளையும் மற்றதில் பச்சைப் பொட்டுகளையும் வரிசையாகப் பதித்தான். அரால்டைட் குழைத்து ஊற்றி மூடினான். உப்புத் தண்ணீர் உள்ளே போகிறதா என்று சோதிக்க வேண்டும் என்றான். கல் உப்பு என் வீட்டிலிருந்துதான் போயிற்று. ஒரு பக்கெட் உப்புத் தண்ணீரில் இரண்டு சோப்பு டப்பாவும் எரிந்தபடி என் மாடிப்படிக்குக் கீழே ஒரு வாரம் கிடந்தன. பரீட்சைக்கு வந்த பெண்கள் அது என்ன பூஜை என்று கேட்டார்கள்.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து கோயிலுக்குப் போட்டிருந்த சட்டையோடு கடற்கரைக்குப் போய் அதைப் படகில் மாட்டினான். முன்பக்கம் மூக்கில், இடது பக்கம் சிவப்பு, வலது பக்கம் பச்சை. ஒரு பக்கத்து வெளிச்சம் அடுத்த பக்கம் சிந்தாமல் இருக்க நடுவில் ஒரு தகரத் தடுப்பு. வெள்ளையில் பொட்டு கிடைக்காததால் பின்பக்கம் மட்டும் சின்னதாக ஒரு பல்பு. ஒரு ஸ்கூட்டர் பாட்டரியை மூடி போட்ட பெயிண்ட் டப்பாவுக்குள் வைத்து எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுத்தான். கப்பல்காரர்கள் உலகம் முழுக்க இப்படித்தான் வைத்திருக்கிறார்கள் என்றான். எதிரே வருகிறவன் நிறத்தைப் பார்த்தே, படகு எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்வானாம்.

மாட்டிவிட்டுச் சும்மா வருவானா. குப்பத்துப் பெண்களை நிற்க வைத்து வகுப்பு ஆரம்பித்துவிட்டான். பீச்சாங்கையில் சிவப்புத் துணி, சோத்தாங்கையில் பச்சைத் துணி. தானே படகாகி மணலில் நடந்து காட்டினான்.

"இதோ பாரு ஜெயா. நான் லைட் ஹவுஸ் பக்கம் போறேன். கரையில குந்தினு கீற உனக்கு இன்னா தெரியுது? செவப்பு. இப்போ திரும்பி அடையாறு பக்கம் போறேன். பச்சை. இப்போ உன்னப் பாத்து வரேன். ரெண்டும் தெரியுதா? ரெண்டும் தெரிஞ்சா வூட்டுக்கு வரான்னு அர்த்தம். சோத்த எறக்கி வெச்சிடலாம்."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கிற வேலை என்று நானும் கேலி செய்தேன். ஆனால் ஜெயலக்ஷ்மி சிரிக்கவில்லை என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. டீ குடிக்க வந்தவள் அன்றைக்கு வஞ்சிரம் பேச்சை எடுக்காமல் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தாள்.

"டீச்சரம்மா, கல்யாணம் ஆன நாளா இருட்டப் பாத்துகினுதான் குந்தினு இருப்பேன். கடல் எது, வானம் எதுன்னே தெரியாது. இப்போ அந்தாளு எங்க கீறாரு, எந்தப் பக்கம் போறாருன்னு கண்ணால பாக்கறேன். ரெண்டு கலரும் சேந்து தெரிஞ்சிச்சுன்னா மனசு அப்படியே எறங்கிடும்" என்றாள்.

அதைக் கேட்டு எனக்கே நெஞ்சு நிறைந்துவிட்டது. ஆம்ப்ரோஸை இனிமேல் திட்டக் கூடாது என்று கூட நினைத்தேன்.

"நீங்க ஒரு நாள் வந்து பாக்கணும் மேடம்" என்று ஆம்ப்ரோஸ் நச்சரித்துக்கொண்டே இருந்தான். கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை இன்ஸ்டிட்யூட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். அவர்களுக்குத் தவக்காலம். கோயிலில் சிலுவைப்பாதை முடித்துவிட்டு நேரே வந்தான். இருவரும் நடந்தே போனோம். எனக்குக் கடற்கரை என்றால் மெரினாவில் சுண்டல் தின்கிற இடம். குப்பத்து மணலில் மீன் வாடைக்கு நடுவே, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நான் நடந்ததைப் பார்த்து ஜெயலக்ஷ்மி ஓடிவந்து ஒரு கவிழ்த்த கூடையைப் போட்டு உட்காரச் சொன்னாள்.

இருட்டிவிட்டிருந்தது. மத்தியானம் போன படகுகள் எல்லாம் கரையேறிவிட்டன. ஜவஹருடையது மட்டும் வரவில்லை. அன்றைக்குச் சின்னப்பையனுக்கு ஜுரம். ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு மணலில் குந்தியிருந்தார். ஜவஹர் தனியாகவே போயிருந்தான்.

அந்தக் குப்பத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இருட்டிய பிறகும் ஒரு படகு வரவில்லை என்றால், மணலில் அந்தப் படகுக்கு இரண்டு பக்கமும் எந்தப் படகுகள் நிற்கின்றனவோ, அந்தப் படகுக்காரர்கள் போய்த் தேட வேண்டும். யாரும் வந்து கேட்க வேண்டியதில்லை. பேச்சுவார்த்தை அறுந்து போன பங்காளியாக இருந்தாலும் போயே ஆக வேண்டும். அப்படித்தான் ஜவஹருக்குப் பக்கத்துப் படகுக்காரர்கள் நாலைந்து பேர் படகைத் தண்ணீரை நோக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சின்னப்பையன் ஜுரத்தோடு எழுந்து அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு அலை வரைக்கும் முன்னால் போய்விட்டார்.

அப்போது ஜெயலக்ஷ்மி கையை நீட்டினாள். "தோ தெரியுது."

நானும் பார்த்தேன். எங்கேயோ கறுப்புக்கு நடுவில், ஊசி முனை மாதிரி ஒரு சிவப்பு. அதை ஒட்டி ஒரு பச்சை. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தச் சோப்பு டப்பாவா அது என்று இருந்தது.

ஆம்ப்ரோஸ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அலை வரைக்கும் ஓடினான். "சின்னப்பையண்ணே, நில்லுங்க. ரெண்டும் தெரியுது பாருங்க. கரையப் பாத்து வந்துகினு கீறான். எதுக்கு வீணா போட்ட எறக்கறீங்க? எண்ணெய்க்குக் கேடு."

சின்னப்பையன் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி யோசித்தார். "இன்னா இவ்ளோ மெதுவா வரான்?"

"வலை கனமா இருக்கும்."

"என்ஜின் சத்தம் கேக்கலையே."

"காத்து கரையப் பாத்து அடிக்குது இல்ல? என்ஜின ஆஃப் பண்ணிட்டுக் காத்துலயே வரான். எண்ணெய் மிச்சம்" என்றான் ஆம்ப்ரோஸ். எதைக் கேட்டாலும் பதில் இருந்தது அவனிடம்.

"செஞ்சாலும் செய்வாரு. எச்சில் கையால காக்கா ஓட்டாத ஆளு" என்று ஜெயலக்ஷ்மி சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். ஆம்ப்ரோஸ் சொல்லிவிட்டான் என்ற பிறகு கச்சேரி ரோட்டில் நடப்பதுதான் அங்கேயும் நடந்தது. தள்ளிய படகை மறுபடியும் மேலே இழுத்துவிட்டார்கள். அரிக்கேன் விளக்கு அலையிலிருந்து திரும்பி வந்தது. சின்னப்பையன் துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு பழைய இடத்தில் குந்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்தக் கரையில் ஒரு கல்யாண வீட்டுக் களை. வலை கனம் என்றதும் ஜெயலக்ஷ்மி பக்கத்து வீட்டிலிருந்து பெரிய கூடைகளை வாங்கி வந்து வைத்தாள். காலா மீனாக இருக்கும் என்றாள் ஒருத்தி. சங்கராவாக இருக்கும் என்றாள் இன்னொருத்தி. ஆம்ப்ரோஸ் எனக்கு அலை, காற்று, நிறம் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தான். அன்றைக்கு நான் அவனை நிறுத்தவில்லை. சிவப்பும் பச்சையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வந்தன. அலையில் ஏறும், இறங்கும், மறுபடியும் ஏறும். இரண்டும் சேர்ந்தே தெரிந்தன. மெதுவாக வந்தன, ஆனால் வந்துகொண்டே இருந்தன. ஒரு சீரியல் பார்த்து முடிக்கிற நேரம் ஆகியிருக்கும்.

உடைகிற அலைக்கு வந்ததும் படகு ஒரு தரம் பக்கவாட்டில் ஆடியது. நிமிர்ந்தது. அடுத்த அலை அதைத் தூக்கி வந்து மணலில் உட்கார வைத்தது.

"யோவ்" என்று ஜெயலக்ஷ்மி கூப்பிட்டாள். "இன்னா, தூங்கினியா?"

நாலு பேர் போய்ப் படகின் விளிம்பைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் இழுக்கவில்லை. பிடித்தபடியே உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார்கள். சின்னப்பையன் விளக்கைத் தூக்கிக் காட்டினார். சாப்பாட்டுத் தூக்கு இருந்தது. தண்ணீர் கேன் இருந்தது. ஜவஹரின் சட்டை மடித்தபடி பலகை மேல் இருந்தது. ஆள் இல்லை.

எனக்கு அதைப் புரிந்துகொள்ளவே முடியவில்லை. இவ்வளவு நேரம் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேனே, வந்துகொண்டிருந்தானே, எங்கே போனான் என்றுதான் முதலில் தோன்றியது. அந்த இரண்டு விளக்கும் ஒன்றும் நடக்காதது மாதிரி எரிந்துகொண்டே இருந்தன. வெறும் படகுதான் வந்திருக்கிறது. நாங்கள் எல்லாரும் ஒரு வெறும் படகைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, கூடை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அந்த நேரத்தில் அவன் கடலில் எங்கேயோ தண்ணீரில் இருந்திருக்கிறான். இருந்தானோ, இல்லையோ.

ஆம்ப்ரோஸைப் பார்த்தேன். வாய் திறந்தபடி இருந்தது. ஒரு சொல் வரவில்லை. அந்த வாயிலிருந்து சொல் வராமல் நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எனக்கு அது இன்னும் பயமாக இருந்தது.

பிறகு ஒரே கூச்சல். படகை இறக்குங்கடா என்று ஒருவன் கத்த, இரண்டு பக்கத்துப் படகுகளையும் தள்ள ஓடினார்கள். ஜவஹரின் படகையும் எடுத்துக்கொண்டு போகலாம் என்றால், வலை என்ஜினில் சுற்றி இறுகிப்போய்க் கிடந்தது. மீதி வலை படகின் பின்பக்கத்திலிருந்து நீண்டு அலைக்கு அப்பால் கடலுக்குள் கிடந்தது. அதனால்தான் படகின் மூக்கு கடைசி வரைக்கும் கரையைப் பார்த்தே இருந்திருக்கிறது. பின்னாலிருந்து வலை இழுத்துப் பிடிக்க, காற்று முன்னால் தள்ள, ஓட்டுகிறவன் இல்லாமலேயே அது நேராக வந்திருக்கிறது. சின்னப்பையன் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தார். வலையை அறுத்துவிட்டுப் படகைத் திருப்பலாம் என்பது அவர் எண்ணம்.

"அறுக்காத" என்றாள் ஜெயலக்ஷ்மி.

அவள் எப்போது படகின் பின்பக்கம் போனாள் என்று தெரியவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நின்று வலைக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"ஜெயா, வுடு. வலைய அப்பால பாத்துக்கலாம். நேரம் போவுது" என்றார் சின்னப்பையன்.

"வலைய இழு. முதல்ல வலைய இழு."

"உனக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா? ஆளக் காணோம், வலைன்றியே."

"அந்தாளு எங்கிட்டயே வலையத் தரமாட்டாரு. கடலுக்கா தந்துட்டுப் போவாரு? வலையோடதான் இருப்பாரு" என்று சொல்லிவிட்டு அவள் இழுக்க ஆரம்பித்துவிட்டாள்.

யாரும் உதவிக்குப் போகவில்லை. துக்கத்தில் என்னவோ செய்கிறாள் என்று நினைத்திருப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு படகு புறப்பட்டே போய்விட்டது. ஜெயலக்ஷ்மி தனியாக இழுத்தாள். வலை முழங்கை நீளம் வந்தது, அலை அதை அப்படியே திரும்ப வாங்கிக்கொண்டது. மறுபடியும் இழுத்தாள். அப்போது ஆம்ப்ரோஸ் தண்ணீருக்குள் இறங்கினான். அவனுக்கு நீச்சல் தெரியாது. ஒன்றும் பேசாமல் அவளுக்குப் பின்னால் நின்று கயிற்றைப் பிடித்தான். அதைப் பார்த்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு சின்னப்பையனும் பிடித்தார். பிறகு பெண்கள், பிறகு ஆண்கள், ஒவ்வொருவராக. கயிற்றின் வால் என் காலடி வரைக்கும் வந்துவிட்டது. நானும் பிடித்தேன். மீன் பட்ட கயிற்றை அதற்கு முன்னும் நான் தொட்டதில்லை, பின்னும் தொடவில்லை.

வலை வந்துகொண்டே இருந்தது. தெர்மாகோல் மிதவைகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. மீன்கள் வலையில் மாட்டியபடி துள்ளின, ஒருவரும் அவற்றைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு துடிப்பும் கயிற்றில் தெரியும். ஒவ்வொரு தடவையும் ஜெயலக்ஷ்மி தலையைத் தூக்கிப் பார்ப்பாள், மீன் என்று தெரிந்ததும் மறுபடியும் இழுப்பாள். கொஞ்ச நேரத்தில் வலை கனத்தது. அலை உடைகிற இடத்தில் நாலைந்து மிதவைகள் ஒரே கொத்தாகச் சேர்ந்து வந்தன. அதன் மேல் கறுப்பாக ஒன்று.

பார்க்கக் கூடாது என்று கண்ணை மூடிக்கொண்டேன். மூடின கண்ணோடு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். யாரோ "கை ஆடுது" என்றார்கள்.

உயிர் இருந்தது. இரண்டு அக்குளிலும் மிதவைகளை இடுக்கிக்கொண்டிருந்தான் ஜவஹர். வலது காலில் தொடை வரைக்கும் வலை சுற்றி, நூல் தோலுக்குள் இறங்கியிருந்தது. மணலில் தூக்கிப் போட்டு, குப்புறப் புரட்டி, முதுகில் அழுத்தினார்கள். தண்ணீர் வந்தது. இருமல் வந்தது. அதைக் கேட்டதும் ஜெயலக்ஷ்மி அவன் முதுகிலேயே ஓங்கி ஓர் அறை வைத்தாள். அதற்குப் பிறகுதான் அழுதாள்.

வாயில் கொஞ்சம் டீ விட்டதும் பேச்சு வந்தது. வெளிச்சம் மங்கியதும் விளக்கைப் போட்டுவிட்டு வலை விட்டுக்கொண்டு போகும்போது, கால் மாட்டித் தண்ணீருக்குள் இழுத்துவிட்டதாம். படகு கொஞ்ச தூரம் போய், என்ஜினில் வலை சுற்றி நின்றுவிட்டது. வலையைப் பிடித்துப் படகுக்குப் போய்விடலாம் என்று பார்த்திருக்கிறான். கட்டுப்பட்ட காலோடு முடியவில்லை. தலையைத் தண்ணீருக்கு மேலே வைத்துக்கொள்வதற்கே சரியாக இருந்தது. கத்திக் கத்தித் தொண்டை போய்விட்டது.

"கரை தெரிஞ்சிச்சு" என்றான். குரல் காற்றாக வந்தது. "அரிக்கேன் விளக்கு தண்ணி வரிக்கும் வந்துச்சு. பாத்தேன். வரானுங்கன்னு நெனச்சேன். அப்பால திரும்பிப் பூட்ச்சு." கொஞ்சம் மூச்சு வாங்கினான். "ஏன் திரும்புச்சு? யாரு திருப்புனது?"

சுற்றி இருபது முப்பது பேர் நின்றிருந்தோம். எல்லாருக்கும் தெரியும். சின்னப்பையனுக்குத் தெரியும், ஜெயலக்ஷ்மிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். ஒருவர் கூட ஆம்ப்ரோஸ் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. திட்டியிருந்தாலும் தேவலை, கை நீட்டியிருந்தாலும் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

ஜெயலக்ஷ்மிதான் வாயைத் திறந்தாள். "லைட்டு தெரிஞ்சிச்சுய்யா. நீ வரேன்னு நெனச்சோம்."

"நெனச்சோம்னு சொல்லாத ஜெயா" என்றான் ஆம்ப்ரோஸ். ஜவஹரின் தலைமாட்டில் வந்து மண்டியிட்டான். கோயில் சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. "நான்தான் மச்சி. போனவங்கள நான்தான் நிறுத்துனேன். ரெண்டும் தெரியுது, வந்துகினு கீறான், போவாதீங்கன்னு நான் சொன்னேன்."

ஜவஹர் தலையைத் திருப்பி அவனைப் பார்த்தான். கோபப்படுவான், காறித் துப்புவான் என்று நான் எதிர்பார்த்தேன். மனசுக்குள் அதற்குத் தயாராகக் கூட இருந்தேன். அவன் முகத்தில் கோபம் இல்லை. அவனுக்கு இப்போதுதான் விஷயம் விளங்கியது, அவ்வளவுதான்.

"நீ சொன்னியா" என்றான். கண்ணை மூடிக்கொண்டான். "நீ சொல்லியிருந்தா நானும் திரும்பித்தான் இருப்பேன்."

ஆம்ப்ரோஸ் அப்படியே ஈர மணலில் உட்கார்ந்துவிட்டான்.